ஊற்றுப் பேனாவைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியம், சமயம், இசை முதலிய பெரும்பொருள்களைப் பற்றி அறிஞர் பலர் உரையாற்றிய இம்மேடையில், ஊற்றுப் பேனாவைப் பற்றிப் பேச நாம் முன்வந்தது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அப்பெரும்பொருள்கள் யாவும் ஏட்டில் ஏறியது ஏதேனும் ஓர் எழுதுகோலின் துணையால் அன்றோ? அது எழுத்தாணியாக இருந்தது, இறகாக இருந்தது, பின்னர்ப் பேனாவாயிற்று. பெற்றோர் பலர், "பையன் மைப் பேனா கேட்கிறான், எதை வாங்குவது?" என்று கேட்பதுண்டு. கடையிலோ 50 ரூபாய்க்கும் பேனா இருக்கிறது. 50,000 ரூபாய்க்கும் இருக்கிறது. விலையிலும் பளபளப்பிலும் மயங்காமல் தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல் வேண்டும்.

நாம் கூற விரும்பும் அளவுகோல் ஒன்றே. எந்தப் பேனாவை வாங்கியவரே தம் கையால் கழற்றி, கழுவி, மீண்டும் பூட்ட இயலுமோ அதுவே நல்ல பேனா. மை நிரப்பும் முறை, செய்பொருள், வேலைத்திறம் ஆகிய மூன்றையும் இந்த அளவுகோலைக் கொண்டே அளந்து பார்ப்போம்.

பேனா எழுதும் விதத்தை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். நிப்புக்கு அடியில் நாக்குப் போன்ற கரிய உறுப்பு ஒன்று உண்டு. அதில் மயிரிழை போன்ற கால்வாய்கள் வெட்டப்பட்டிருக்கும். அகல் விளக்கின் திரியில் எண்ணெய் தானே ஏறுவது போல, அக்கால்வாய்களில் மை தானே ஊர்ந்து நிப்பின் பிளவை அடைகின்றது. வெளியேறிய மையின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்ல வேண்டும். காற்று புகாவிடில் மை இறங்காது. அளவு மீறிப் புகுந்தால் மை கொட்டிவிடும். அமெரிக்க நாட்டு லூயிஸ் வாட்டர்மன் என்பவர் 1884-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றது இந்த நாக்கின் அமைப்பிற்கேயாகும். இன்றைய ஊற்றுப் பேனாக்கள் அனைத்தும் அத்தத்துவத்தின் வழி வந்தவையே. எனவே, மையும் காற்றும் இடம் மாறிக்கொள்ளும் ஒழுங்கே பேனாவின் உயிர் என்று கொள்ளலாம்.

இனி, மை நிரப்பும் முறைகளைப் பார்ப்போம். முக்கியமானவை நான்கு.

முதலாவது, பில்லரால் மையை எடுத்து நேரே கூட்டுக்குள் விடும் முறை. நம் பெற்றோர் பள்ளிக்குக் கொண்டு சென்ற பேனாக்களில் மிகப் பல இவ்வகையினவே. இரண்டாவது, கூட்டுக்குள் ஒரு பையை வைத்து, அதை அழுத்தி விடுவதனால் மையை உறிஞ்சும் முறை. அமெரிக்கரான வால்ட்டர் ஷேஃபர் 1908-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற நெம்புகோல் பேனாவில் இருந்தது ரப்பர்ப் பை. சீனத்திலிருந்து வந்து நம் இல்லங்களில் இடம் பிடித்த ஹீரோ பேனாவில் இருப்பதும் அழுத்தி நிரப்பும் பையே. மூன்றாவது, பின்புறத்தைத் திருகினால் உள்ளே தண்டு ஒன்று ஏறி இறங்கி மையை இழுக்கும் பிஸ்டன் முறை. ஜெர்மானிய பெலிக்கான் நிறுவனம் 1929-ஆம் ஆண்டு இதனைப் பரவலாக்கிற்று. நான்காவது, மை அடைத்த சிறு பிளாஸ்டிக் குப்பியைச் செருகும் கார்ட்ரிட்ஜ் முறையும், அதே இடத்தில் பொருத்திக்கொள்ளும் கன்வெர்ட்டரும் ஆகும்.

இந்நான்கையும் நம் அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். ரப்பர்ப் பை, பாலக்காட்டுக் கோடையின் வெப்பத்திலும் மலைநாட்டு மழையின் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்தோ மொறுமொறுத்தோ போய்விடும். மாற்றுப் பையும் அதனைப் பொருத்துவாரும் கிடைப்பது இன்று அரிது. ஹீரோ போன்ற பேனாக்களில் நிப்பு கூட்டுக்குள் மறைந்திருப்பதால், உள்ளே உலர்ந்த மையைக் கழுவுவது சிறுவர்க்கு எளிதன்று. பிஸ்டன் பேனா மிக வசதியானது. எனினும் உள்ளிருக்கும் தண்டு இறுகிவிட்டால் பெரும்பாலும் செய்தவரிடமே அனுப்ப வேண்டும். கார்ட்ரிட்ஜ் தீர்ந்தவுடன் எறிய வேண்டிய பொருள். நம் ஊர்க் கடைகளில் எப்போதும் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. கன்வெர்ட்டரோ கழற்றிக் கழுவத் தக்கது. ஆனால் அது கொள்ளும் மை பெரும்பாலும் 1 மில்லிலிட்டருக்கும் குறைவே.

பில்லர் பேனாவில் அசையும் உறுப்பு என்பதே இல்லை. மூடி, கழுத்து, கூடு, நிப்பு, நாக்கு ஆகிய ஐந்தே உறுப்புகள். மரையைத் திருகினால் பேனா முழுவதும் திறந்துவிடும். 2 முதல் 4 மில்லிலிட்டர் வரை மை கொள்ளும். கெட்டுப்போவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. எனவே நம் அளவுகோலின்படி பில்லர் பேனாவிற்கே முதலிடம். கன்வெர்ட்டர் பேனாவிற்கு இரண்டாம் இடம்.

"பில்லர் பேனா சட்டையைப் பாழாக்குமே!" என்று தாய்மார்கள் கூறுவது காதில் விழுகின்றது. அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு; அதன் காரணத்தை அறிந்தால் பரிகாரமும் எளிதாகும். கூட்டுக்குள் மை குறையக் குறையக் காற்று நிறைகின்றது. கையின் சூட்டால் அக்காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகின்றது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூட்டுக்குள் 3 மில்லிலிட்டர் காற்று இருந்து, அது 10 பாகை சூடேறினால், ஏறத்தாழ 0.1 மில்லிலிட்டர் விரியும். அஃதாவது இரண்டு சொட்டு மை. அதே பேனாவில் மை நிறைந்து, காற்று அரை மில்லிலிட்டரே இருந்தால், விரிவு அரைச் சொட்டுக்கும் குறைவு. அதனை நாக்கே தாங்கிக்கொள்ளும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு மை இருக்கும்போதே மீண்டும் நிரப்பிவிட வேண்டும். இப்பழக்கம் ஒன்றே சட்டைகள் பலவற்றைக் காக்கும்.

மலையேறும் அன்பர்கள் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நம்மில் பலர்க்கு மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் உற்றார் உறவினர் உண்டு. பாலக்காட்டுச் சமவெளியிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாற்றை அடைவதற்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏறிவிடுகின்றோம். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெளியழுத்தம் குறைந்தால் பேனாவுக்குள் அடைபட்ட காற்று விரியும், மை பொங்கும். எனவே மலைப்பயணத்தின்போது பேனாவை முழுவதும் நிரப்பியோ முழுவதும் காலி செய்தோ கொண்டு செல்லுதல் வேண்டும். நிப்பு மேல்நோக்கி இருத்தல் வேண்டும். அரைகுறையாக மையுள்ள பேனாவைப் படுக்கவைத்துக்கொண்டு மலையேறுவது, பையிலுள்ள துணிகளுக்கு நீலச் சாயம் ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

அடுத்து, செய்பொருள். இதில் நம் மண்ணுக்குச் சொந்தமான செய்தி ஒன்று உண்டு. பழைய பேனாக்கள் பெரும்பாலும் எபோனைட் என்னும் பொருளால் ஆனவை. எபோனைட் என்பது கெட்டியாக்கப்பட்ட ரப்பரே. இயற்கை ரப்பர் 100 பங்குக்குக் கந்தகம் 2 அல்லது 3 பங்கு சேர்த்துச் சூடாக்கினால் வளைந்து நீளும் ரப்பர் கிடைக்கும். கந்தகத்தை 30 முதல் 50 பங்கு வரை கூட்டி நெடுநேரம் சூடாக்கினாலோ, கருங்காலி மரம் போன்ற கடினப்பொருள் உண்டாகும். அமெரிக்கரான நெல்சன் குட்இயர் 1851-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். கேரளத்தில் வணிக முறையிலான முதல் ரப்பர்த் தோட்டம் 1902-ஆம் ஆண்டு தட்டேக்காட்டில், பெரியாற்றங்கரையில் தோன்றிற்று. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய இடம் அது. தொடுபுழைப் பக்கம் செல்வோர் சாலையோரத்தில் காணும் பால்மரங்களுக்கும் நம் சட்டைப் பையில் இருக்கும் எபோனைட் பேனாவுக்கும் உறவு உண்டு என்பதை நம் சிறுவர் அறிதல் வேண்டும்.

எபோனைட் கைக்கு இதமானது, வியர்வையில் வழுக்காது, கையின் சூட்டை விரைவில் உள்ளே கடத்தாது. மரை வெட்டுவதற்கும் கடைவதற்கும் இணங்கும். எபோனைட் நாக்கின் மேல் மை நன்கு பரவி நிற்கும். குறையும் உண்டு. வெயிலிலும் வெந்நீரிலும் இட்டால் கருமை மங்கிப் பழுப்பு நிறம் பெறும். தேய்த்தால் கந்தக வாசம் வீசும். ஆகவே குளிர்ந்த நீரில் கழுவி, நிழலில் உலர்த்துதல் வேண்டும். செல்லுலாய்டு மிக அழகியது. ஆனால் எளிதில் தீப்பற்றுவது, காலப்போக்கில் சுருங்குவது. அக்ரிலிக் கட்டியைக் கடைந்து செய்த பேனா உறுதியானது. அச்சில் வார்த்த மெல்லிய பிளாஸ்டிக் பேனா மலிவானது. கழுத்தின் மரையருகே விரிசல் காண்பதே அதன் முடிவு. விரிசல் கண்ட பிளாஸ்டிக்கைச் சீர்செய்வது அரிது. உலோகப் பேனா பார்வைக்குக் கம்பீரமாயினும் கைச்சூட்டை விரைந்து ஏற்பதால் பில்லர் முறைக்கு ஏற்றதன்று.

பொன் நிப்பு வேண்டுமா என்று கேட்போரும் உளர். 14 காரட் நிப்பில் ஏறத்தாழ 58 விழுக்காடு பொன் இருக்கும். அன்னபேதியும் மாசிக்காயும் கூட்டிச் செய்த பழைய மை, புளிப்புத்தன்மை உடையது, எஃகை அரிக்கும். அக்காலத்தில் பொன்னுக்குத் தேவை இருந்தது. இன்றைய சாதாரண மைக்குத் துருவேறா எஃகே போதும். நிப்பு எதனால் ஆயினும், தாளில் உராய்வது அதன் நுனியில் பற்றவைக்கப்பட்ட கடின உலோகப் பொட்டே. எனவே பொன்னுக்கு அன்று, அப்பொட்டின் வழவழப்புக்கே நாம் விலை கொடுத்தல் வேண்டும்.

இனி வேலைத்திறம். சாத்தூர் என்றவுடன் வெள்ளரிக்காயும் காராச்சேவும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் விருதுநகருக்கும் கோவில்பட்டிக்கும் இடையே உள்ள அச்சிற்றூர், பேனா நிப்புக்கும் பெயர் பெற்றது. உலோகத் தகட்டை வெட்டுதல், துளையிடுதல், வளைத்தல், நுனியைப் பிளத்தல், தேய்த்து மெருகிடுதல் எனப் பல கைகள் மாறியே ஒரு சிறு நிப்பு உருவாகும். பால் பாயிண்ட் பேனா பெருகப் பெருக, அங்கிருந்த பட்டறைகளுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. நம்மில் எத்தனையோ பேர் சாத்தூர் நிப்பால் தேர்வெழுதித் தேறியிருப்போம். ஆனால் அப்பெயரை நாம் அறிந்திருக்கமாட்டோம்.

பேனாவையே கையால் கடையும் கலைஞர்கள் இன்னும் உளர். பாலக்காட்டிலிருந்து சென்னை செல்லும் வண்டிகள் அரக்கோணத்தைக் கடந்தபின் திருவள்ளூர் வழியே செல்கின்றன. அத்திருவள்ளூரில் ரங்கா என்னும் பெயரில் எபோனைட் பேனாக்கள் கடையப்படுகின்றன. உலகின் பல நாடுகளுக்கும் அவை செல்கின்றன. சென்னைப் பாரிமுனைப் பகுதியில் ஜெம் அண்ட் கோ கடையார் காமா என்னும் பேனாவை நெடுங்காலமாக விற்று வருகின்றனர். கோதாவரிக் கரையில், ராஜமகேந்திரவரத்தில் கே. வி. ரத்னம் என்பவர் சுதேசி இயக்கக் காலத்திலேயே பேனா செய்யத் தொடங்கினார். அவர் செய்த பேனா, அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் ஜே. சி. குமரப்பா வாயிலாகக் காந்தியடிகளைச் சென்றடைந்தது. அடிகள் அதனால் எழுதிப் பார்த்து, கடைவீதியில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்னும் கருத்துப்பட 1935-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் ரத்னத்திற்கு நன்றிக் கடிதம் எழுதினார். இடையில் நின்ற குமரப்பா, தஞ்சாவூரில் பிறந்த தமிழர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

கைவேலையின் தரத்தைக் கடையில் நின்றபடியே அறிவதற்குச் சில வழிகள் உண்டு. மூடியைத் திருகினால் மரை தடங்கலின்றிச் செல்ல வேண்டும். இறுதியில் ஆட்டம் இருத்தல் கூடாது. கூட்டின் மேல் அச்சு வார்ப்பின் கோடு இருந்தால் அது கடைந்ததன்று. நிப்பை எதிரே பிடித்துப் பார்த்தால் பிளவு நடுவே செல்ல வேண்டும்; நுனியின் இரு பாதிகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். வாங்கி வந்த இரவு, கூட்டில் வெறும் தண்ணீரை நிரப்பி, ஒரு குவளையில் நிப்பு கீழ்நோக்க வைத்துவிடுதல் நலம். காலையில் மரை ஓரத்தில் ஈரம் இல்லையேல் மை ஊற்றலாம். சிறிது கசிவு கண்டால் மரையில் சிலிக்கோன் கிரீஸ் துளியளவு தடவினால் போதும்.

எழுதிப் பார்க்கும்போது பலரும் கையெழுத்துப் போட்டுப் பார்த்து நிறுத்திவிடுகின்றனர். அது போதாது. நம் எழுத்துகள் வளைவு மிகுந்தவை. ஓலையில் நேர்கோடு இழுத்தால் கிழியும் என்பதனால் எழுத்துகள் வளைந்தன என்று கூறுவர். தமிழும் மலையாளமும் எழுதுவோர்க்கு நிப்பு எல்லாத் திசையிலும் செல்ல வேண்டும். மேல்நோக்கிச் செல்லும்போதும் தாளைக் கீறலாகாது. ஆகவே 'இ', 'ஐ', 'ஞ', 'ழ', 'ணை' ஆகியவற்றைப் பத்து முறை எழுதிப் பாருங்கள். 'ணை'யைத் தடங்கலின்றி எழுதும் பேனா எதனையும் எழுதும். மிகக் கூரிய நிப்பைக் காட்டிலும் நடுத்தர நிப்பே நம் எழுத்துக்கு இசைந்தது.

பால் பாயிண்ட் பேனாவை இகழ்வது எம் நோக்கமன்று. அலுவலகத்தில் கார்பன் தாள் வைத்து மூன்று படி எடுக்கும் எங்களுக்கு அதன் அருமை தெரியும். ஊற்றுப் பேனாவை அவ்வாறு அழுத்தினால் நிப்பு விரிந்துவிடும். அழுத்த வேண்டிய இடத்திற்கு அது ஏற்றது. ஆனால் நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதும் மாணவர்க்கு அழுத்தாமல் எழுதும் பேனாவே கைக்கு இளைப்பாறுதல் தருவது. மேலும், மை தீர்ந்தால் எறிந்துவிடும் பொருளிடம் சிறுவர்க்குப் பொறுப்பு உண்டாவதில்லை. தானே கழுவித் தானே நிரப்பும் பொருளிடம் உண்டாகும்.

அன்பர்களே! இத்துணையும் கூறியதன் காரணத்தை இப்போது வெளிப்படுத்துகின்றோம். நம் குழந்தைகளுள் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதுகின்றனர். தமிழை வீட்டில் பேசுகின்றனர், எழுதுவதில்லை. பாட்டியாருக்குக் கடிதம் எழுதும் வழக்கமும் தொலைபேசி வந்தபின் நின்றுவிட்டது. எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு, பேச்சில் மட்டும் நிற்கும் மொழி எத்தனை தலைமுறை நிற்கும் என்பது வீட்டுக்கு வீடு எழும் கேள்வி. பேனா ஒன்றால் இது தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. எனினும், கையில் எடுத்தால் எழுதத் தோன்றும் ஒரு கருவியைக் கொடுப்பது நம்மால் ஆகும் செயல்.

ஆகவே சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: அடுத்த ஆண்டு விழாவில் சிறுவர்க்குக் கேடயமும் பிளாஸ்டிக் கோப்பையும் அளிப்பதை விடுத்து, ஆளுக்கொரு பில்லர் பேனாவும் ஒரு புட்டி மையும் அளித்தல் வேண்டும். எளிய பில்லர் பேனா 100 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். முதற்பரிசுக்கு மட்டும் கையால் கடைந்த எபோனைட் பேனா ஒன்று வாங்கலாம். இரண்டு: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் சிறுவர் தம் பேனாக்களைக் கழற்றிக் கழுவிப் பூட்டப் பழக வேண்டும். பெரியோர்கள் அலமாரியில் உறங்கும் தங்கள் பழைய பேனாக்களையும் அன்று கொண்டுவரலாம். பல பேனாக்கள் வெறும் தண்ணீரிலேயே உயிர் பெறும். மூன்று: பரிசு பெற்ற ஒவ்வொரு சிறுவரும் சிறுமியும் மாதம் ஒரு பக்கமேனும் தமிழில் எழுதிச் சங்கத்திற்குக் கொடுத்தல் வேண்டும். அவற்றுள் நல்லவை அடுத்த மலரில் இடம்பெறட்டும்.

தாய்மார்கள் செய்ய வேண்டியது ஒன்றே. முதல் மாதம் சட்டைப் பையில் ஒரு நீலப் பொட்டு கண்டால் பேனாவைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். மை எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். மறுமாதம் அப்பொட்டு இராது.